பாட்டில் மேல் பூவும் எழுத்தும்: எது நிற்க வேண்டும், எது போக வேண்டும்?

நம் வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்தால் எத்தனை பாட்டில், எத்தனை டப்பா! ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம் பருப்பு, ஜாம் பாட்டிலில் சீரகம், ஐஸ்கிரீம் டப்பாவில் ரவை, பூப்போட்ட டம்ளர் ஒரு வரிசை. உள்ளே இருந்த சரக்கு தீர்ந்து வருஷக் கணக்காகியிருக்கும். மேலே இருக்கிற படமும் எழுத்தும் மட்டும் சிலதில் புதுக்கருக்கு குலையாமல் இருக்கும். சிலதில் நாலு தரம் தேய்த்துக் கழுவினதுமே காணாமல் போயிருக்கும். ஏன் இப்படி என்று நாம் யோசிப்பதில்லை. ஆனால் யோசிக்கத்தான் வேண்டும். அழியவே கூடாத எழுத்து ஒன்று நம் வீட்டில் சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருக்கும். அழிந்தே ஆகவேண்டிய எழுத்து ஒன்று பிடிவாதமாக நின்றுகொண்டிருக்கும். குழந்தை உள்ள வீட்டில் இரண்டுமே சின்ன விஷயமில்லை.

இந்த ஆராய்ச்சியில் என்னை இறக்கிவிட்டது தேன் பாட்டில்தான். நாங்கள் இருப்பது ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஆலங்காயம் பக்கம். மலைமேலிருந்து தேனும், சாமையும், புளியும் இறங்கி வரும். தேன் பாட்டில் என்றால் மைதாப் பசை தடவி ஒட்டிய காகித லேபிள். ஒரு சொட்டுத் தேன் வழிந்து, அதை ஈரத்துணியால் துடைத்தால் போதும், லேபிள் சுருண்டுகொண்டு கையோடு வந்துவிடும். அப்புறம் அது எந்த ஊர்த் தேன், எந்த மாதத்துத் தேன், யாருக்குத் தெரியும்? மலையில் தேனும் சாமையும் அடைத்து விற்கும் பெண்கள் குழுவைச் சேர்ந்த ஒருத்தி என்னிடம் கேட்டாள். “ஏன்க்கா, கலர் பாட்டில்ல எழுத்து எத்தினி வருசம் ஆனாலும் போவ மாட்டேங்குது. எங்க தேன் பாட்டில்ல மட்டும் மூணு நாள்ல கிழிஞ்சி போவுதே? நாங்களும் அந்த மாதிரி பாட்டிலு வாங்கினா என்னா?”

நியாயமான கேள்வி. என் அண்ணன் மகன் சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் அச்சுப் போடும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். அவனிடம் கேட்டேன். “போன்ல சொன்னாப் புரியாது அத்தை, நேர்ல வாங்க” என்றான். போனேன்.

உலையில் சுட்ட எழுத்து

கண்ணாடியில் எழுத்து நிற்க மிகப் பழைய வழி, அச்சிலேயே வெட்டிவிடுவது. இளகிய கண்ணாடியை இரும்பு அச்சுக்குள் ஊதும்போது, அச்சில் பள்ளமாக வெட்டியிருக்கும் பெயர் பாட்டிலில் மேடாக எழும்பிவிடும். நம் கோலி சோடா பாட்டில் ஞாபகம் இருக்கிறதா? 1872-இல் ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. அதன் மேல் கம்பெனி பெயர் தடவினால் கைக்குத் தட்டுப்படும். பாட்டில் உடையும் வரை அந்தப் பெயரும் இருக்கும். நிறம் மட்டும் கிடையாது, அவ்வளவுதான் குறை.

நிறமும் வேண்டும், எழுத்தும் போகக் கூடாது என்றபோது வந்தது சுடும் முறை. கண்ணாடியை மாவு போல அரைத்து, நிறத்துக்கு உலோக ஆக்ஸைடு சேர்த்து, எண்ணெய்ப் பதமான பசையில் குழைத்துக்கொள்கிறார்கள். நம் கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிறார்களே ஸ்கிரீன் பிரிண்டிங், அதே வேலைதான். சட்டத்தில் இழுத்துக் கட்டின மெல்லிய வலை. எழுத்து விழ வேண்டிய இடம் திறந்திருக்கும், மற்ற இடம் அடைத்திருக்கும். அந்தக் காலத்தில் பட்டுத்துணி, இப்போது பாலியெஸ்டர் அல்லது எஃகு வலை. காகிதத்துக்கு என்றால் வலை சும்மா இருக்க, ரப்பர் பட்டையை இழுப்பார்கள். பாட்டில் உருண்டையாச்சே! இங்கே ரப்பர் பட்டை அசையாது. வலை பக்கவாட்டில் நகர, அதற்குச் சரியாகப் பாட்டில் கீழே உருளும். சப்பாத்திக் கட்டை உருள்வது போல. ஒரு நொடியில் பெயர் சுற்றிலும் விழுந்துவிடுகிறது. ஒரு நிறத்துக்கு ஒரு வலை. மூன்று நிறம் என்றால் மூன்று தரம்.

இத்தோடு விட்டால் விரலால் துடைத்தாலே போய்விடும். இதற்கப்புறம்தான் நீள உலை. சங்கிலிப் பட்டையில் பாட்டில்கள் வரிசையாக ஊர்ந்து போய், சுமார் 600 டிகிரி சென்டிகிரேடு சூட்டில், அச்சடித்த கண்ணாடி மாவு உருகி, பாட்டிலின் உடம்போடு உடம்பாகிவிடுகிறது. பிறகு நிதானமாக ஆறவிடுகிறார்கள். அவசரப்பட்டால் பாட்டில் தெறித்துவிடும். ஆகவே அது மேலே பூசின மை இல்லை; அதுவும் ஒரு கண்ணாடிதான். போகாததன் ரகசியம் இதுதான்.

அமெரிக்காவில் 1930களில் சோடா பாட்டில்களுக்காக இந்த முறை பரவியது. காரணம் அழகு மட்டுமில்லை. அன்றைக்குப் பாட்டிலைத் திருப்பி வாங்கி, காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, மறுபடி மறுபடி நிரப்புவார்கள். ஒவ்வொரு தரமும் காகித லேபிள் ஊறிப் போகும். தடவைக்கு ஒரு லேபிள் ஒட்டி மாளுமா? நம் ஊரில் கோல்ட் ஸ்பாட், லிம்கா என்று பெட்டி பெட்டியாக வந்து, காலிப் பாட்டிலாகத் திரும்பிப் போனதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மலைத் தேனுக்கு எது?

சுட்ட எழுத்துப் பாட்டில் தேனுக்கு வேண்டுமா? மலைப் பெண்ணின் கேள்வியை அப்படியே கேட்டேன். பையன் சொன்ன கணக்கு எனக்குச் சரியாகப் பட்டது. முதலாவது, இப்படி அச்சடிப்பவர்கள் ஆயிரக் கணக்கில் இருந்தால்தான் உலையைத் திறப்பார்கள். நூறு பாட்டிலுக்கு ஆகாது. இரண்டாவது, அடைத்த தேதியும், தொகுதி எண்ணும் ஒவ்வொரு தரமும் மாறும். அதைச் சுட்டு வைக்க முடியுமா? எப்படியும் ஒரு சீட்டு ஒட்டத்தானே வேண்டும்? மூன்றாவதுதான் முக்கியம். பெயர் அழியாத காலிப் பாட்டிலில் நாளைக்கு யாராவது வெல்லப்பாகு ஊற்றி விற்றால்? பெயர் மலையினுடையது, சரக்கு எவனுடையதோ!

தேன் திரும்பி வரும் பாட்டிலில் போவதில்லை. அது ஒரு தரம் போகிறது, யாரோ ஒரு வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிறது. அதற்கு ஒரு வருஷம் தாங்கும் லேபிள் இருந்தால் போதும். காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, பின்னால் பசையோடு வரும் ஸ்டிக்கர் ஈரத்துக்கு அசையாது. ஒட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பாட்டிலைக் கழுவி நன்றாகக் காயவைத்து, ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தரம் துடைத்து, தேன் ஊற்றுவதற்கு முன்னால் ஒட்டிவிட வேண்டும். ஊற்றிவிட்டு ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு எங்கேயாவது இருக்கும், ஓரம் கிளம்பிக்கொள்ளும். இன்னொன்று: லேபிள் ஒட்டும் இடம் மட்டும் கொஞ்சம் உள்வாங்கினாற்போல் இருக்கும் பாட்டிலாகப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியில் பாட்டிலும் பாட்டிலும் உரசினாலும் லேபிள் தேயாது.

லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் சொன்ன ஒரு வரியும் உண்டு. 1 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்காதீர்கள் என்பது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று தேனைத் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதில் ‘பாட்டுலிசம்’ என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் விதை இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து விஷமாகும் என்பதால்தான் டாக்டர்கள் கூடாது என்கிறார்கள். பாட்டில் மேல் பூப்போடுவதைவிட அந்த ஒரு வரிக்கு இடம் விடுவது புண்ணியம்.

பூப்போட்ட டம்ளர்

சுட்ட எழுத்து போகாது என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு விலை இருந்தது. கண்ணாடி மாவு குறைந்த சூட்டிலேயே உருக வேண்டும் என்பதற்காக அதில் ஈயம் சேர்ப்பது வெகு காலம் வழக்கம். பளீரென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளுக்குக் காட்மியம். இரண்டுமே உடம்புக்கு ஆகாத உலோகம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காட்மியம் சிறுநீரகத்தில் போய்ச் சேரும். 2010 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு பெரிய உணவகக் கம்பெனி, சினிமாக் கதாபாத்திரங்கள் போட்ட சுமார் 1 கோடியே 20 லட்சம் கண்ணாடி டம்ளர்களைத் திரும்பப் பெற்றது. மேலே இருந்த படத்தின் சாயத்தில் காட்மியம் இருந்ததுதான் காரணம். குழந்தைகள் கை டம்ளரிலும் அப்புறம் வாயிலும் போகுமல்லவா!

இப்போது ஈயமும் காட்மியமும் இல்லாத சாயங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. நல்ல கம்பெனிகள் அதைத்தான் உபயோகிக்கின்றன. ஆனால் சந்தையில் தள்ளுவண்டியில் குவித்து விற்கும் டம்ளரில் எது இருக்கிறது என்று நாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைச் சாலையில் 4 சதவீத அசெடிக் அமிலத்தில் 24 மணி நேரம் ஊறவைத்து, எவ்வளவு ஈயமும் காட்மியமும் இறங்குகிறது என்று அளப்பார்கள். அசெடிக் அமிலம் என்றால் வேறொன்றும் இல்லை, வினிகரில் இருக்கும் புளிப்புத்தான். அந்தச் சோதனையிலிருந்தே நமக்குப் பாடம் கிடைக்கிறதே. புளிப்பு பட்டால் சாயம் இறங்கும். ஆகவே உள்பக்கம் பூப்போட்ட கிண்ணத்தில் ஊறுகாய், ரசம், எலுமிச்சம்பழ ஜூஸ் வைக்காதீர்கள். டம்ளரில் வாய் படும் விளிம்பு என்று 20 மில்லிமீட்டர் வரை கணக்கு வைக்கிறார்கள். அதாவது முக்கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே. அந்த அளவுக்குள் படம் இல்லாத டம்ளராகப் பார்த்து வாங்குங்கள். பூ கீழே இருந்தால் அழகு குறைந்தா போகும்?

விளிம்பில் தங்க ரேக் போட்ட டம்ளர் இருக்கிறதே, சுட்ட தங்கம் என்றால் அது நிஜமான தங்கம்தான். தங்கத்தைத் திரவமாகக் கரைத்துப் பூசிச் சுடுகிறார்கள். இமைப்பொழுதில் மறைந்துவிடும் அளவு மெல்லியது, சாம்பல் போட்டுத் தேய்க்கக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது. உலோகமாயிற்றே, பொறி பறக்கும்.

பனி படர்ந்தாற்போல் மங்கலாக இருக்கும் கண்ணாடி, மணலை வேகமாக அடித்தோ, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் முக்கியோ செய்வது. கண்ணாடியையே அரிக்கும் அமிலம் அது. தோலில் பட்டால் எலும்பு வரை போகும் என்று பட்டறையில் பயந்து பயந்து பேசினார்கள். இன்று மலிவான பாட்டில்களில் வெறும் லாக்கரைத் தெளித்தே அந்தத் தோற்றத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

சுட்டதா, சும்மா பூசினதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நகப்பூச்சு அழிக்கிறோமே, அந்தத் திரவத்தில் பஞ்சை நனைத்து, பாட்டிலின் வெளிப்பக்கம் அடியில் ஒரு ஓரத்தைத் தேயுங்கள். சாயம் பஞ்சில் வந்தால் பூசினது. வராவிட்டால் பெரும்பாலும் சுட்டது. இதைக் கண்ணாடியில் மட்டும் செய்யுங்கள். பிளாஸ்டிக்கில் செய்தால் டப்பாவே இளகிப் பாழாகும்.

எண்ணெய்க் கை மாதிரி ஒரு பிளாஸ்டிக்

பிளாஸ்டிக் கதை வேறு. சூளையில் வைக்க முடியாது, உருகிவிடும். அது போக, நாம் உபயோகிக்கும் டப்பாக்களில் பாதிக்கு மேல் பாலிதீன், பாலிப்ரொப்பிலீன் வகை. அதன் மேல் எதுவும் ஒட்டாது. புது டப்பாவின் மூடியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நிற்கும். தண்ணீர் பரவாத இடத்தில் மை மட்டும் பரவுமா? அதனால் அச்சடிப்பதற்கு முன் டப்பாவை நெருப்புக் கொழுந்தின் முன்னால் ஒரு கணம் சுற்றிக் காட்டுகிறார்கள். திருஷ்டி கழிக்கிற மாதிரி இருந்தது எனக்கு! உருகும் அளவுக்கு இல்லை, மேல்தோல் மட்டும் மாறும் அளவுக்கு. அதற்கப்புறம் அதே இடத்தில் தண்ணீர் படர்ந்து நிற்கிறது, மையும் பிடிக்கிறது. சில பட்டறைகளில் நெருப்புக்குப் பதில் மின்பொறி. இந்தச் சடங்கை ஒழுங்காகச் செய்யாத டப்பாவில்தான் பூ உரிந்து வரும். அச்சான பிறகு செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிய்த்துச் சோதிக்கிறார்கள். டேப்பில் மை வந்தால் அந்தச் சரக்கு தள்ளுபடி. கடையில் நாம் இதைச் செய்தால் கடைக்காரர் விடமாட்டார். வீட்டுக்கு வந்து செய்யலாம்.

மையும் இப்போது வெயிலில் காயும் மை இல்லை. புற ஊதா விளக்கின் அடியில் போனால் சில நொடிகளில் இறுகிவிடுகிறது. மேடு பள்ளமான மூடி, குமிழ் இவற்றில் வலை படியாதல்லவா? அதற்கு ஒரு வேடிக்கையான வழி: ரப்பர் போன்ற சிலிக்கோன் பந்து. தகட்டில் பள்ளமாகச் செதுக்கிய எழுத்தில் மையை நிரப்பி, பந்து அதை ஒற்றி எடுத்து, மூடியின் மேல் போய் ஒற்றுகிறது. கைவிரலில் பொட்டு எடுத்துக் குழந்தை நெற்றியில் வைக்கிற மாதிரியேதான். கைக்கடிகார முகப்பில் எண் போடுவதும் இப்படித்தான்.

குங்குமச் சிமிழிலும் சென்ட் பாட்டில் மூடியிலும் மின்னும் தங்க எழுத்து பற்றி ஆசையாகக் கேட்டேன். பையன் சிரித்துவிட்டான். “தங்கமெல்லாம் இல்லை அத்தை, அலுமினியம்!” மெல்லிய பாலியெஸ்டர் தாளில் மஞ்சள் லாக்கரும், அதன் மேல் அலுமினியமும், பசையும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். சூடான அச்சால் அழுத்தினால் எழுத்து உள்ள இடத்தில் மட்டும் அந்த அடுக்கு மூடியில் இறங்கிவிடும். வெள்ளி நிற அலுமினியத்தை மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம். அது நமக்குத் தங்கம்!

முழு மூடியும் பளபளவென்று இருந்தால் அது இன்னொரு வழி. காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய பாத்திரத்துக்குள் மூடிகளை மாட்டி, நடுவில் அலுமினியத் துண்டுகளை மின்சாரத்தால் சூடாக்கினால், அலுமினியம் ஆவியாகி எல்லா மூடியிலும் சீராகப் படிகிறது. சாதம் வடித்த ஆவி தட்டில் படிகிற மாதிரி.

இதைக் கேட்டபோது, இதற்கா அம்பத்தூர் வரை வந்தோம் என்று தோன்றிவிட்டது. எங்கள் ஜவ்வாது மலையிலேயே இது நடக்கிறதே! காவலூர் வானாய்வுக் கூடத்தில் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி உள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தது. அந்தக் கண்ணாடி நட்சத்திர வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது அதன் மேல் படிந்திருக்கும் அலுமினியத்தால்தான். காலப்போக்கில் மங்கிவிடும். அப்போது பழைய பூச்சைக் கரைத்தெடுத்து, அந்த வளாகத்திலேயே இருக்கும் வெற்றிடப் பாத்திரத்துக்குள் வைத்து, இதே மாதிரி அலுமினியத்தை ஆவியாக்கிப் புதுப் பூச்சு ஏற்றுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்! தலைமுடியின் கனத்தில் அந்த மாதிரிப் பூச்சு நூற்றுக் கணக்கில் அடுக்கலாம். குங்குமச் சிமிழில் அலுமினியத்தைக் காப்பாற்ற மேலே லாக்கர் போடுகிறார்கள். அந்த லாக்கர் தேய்ந்த இடத்தில்தான் சிமிழ் கறுத்துப்போகிறது.

இன்னும் இரண்டு வகை சொல்லி இதை முடித்துவிடுகிறேன். ஐஸ்கிரீம் டப்பா, பெயிண்ட் வாளி இவற்றில் படம் ஓரம் தெரியாமல் டப்பாவோடு ஒன்றாக இருக்கும். அச்சுக்குள் முதலில் படத்தாளை வைத்து, அதன் பின்னால் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்துவார்கள். நகத்தால் சுரண்டினாலும் வராது. இன்னொன்று, பாட்டிலுக்குச் சட்டை போட்டாற்போல் கழுத்து வரை சுருங்கிப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உறை. பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் பாட்டில் ஒரு பிளாஸ்டிக், சட்டை இன்னொரு பிளாஸ்டிக் என்றால், இரண்டையும் பிரிக்காமல் மறுசுழற்சிக்குப் போட முடியாது. பழைய பேப்பர்காரரிடம் போடும்போது சட்டையைக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

எந்த வகையானாலும், அச்சு உணவின் மேல் படக் கூடாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் வருஷத்துப் பேக்கிங் விதிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது. அச்சிட்ட பக்கம் உணவோடு நேராகச் சேரக் கூடாது, செய்தித்தாளில் உணவைக் கட்டக் கூடாது என்று. பால் பாக்கெட்டைத் திருப்பிப் போட்டு அதில் பூவோ புளியோ கட்டி வைக்கும் சிக்கனக்காரர்கள் கவனிக்க வேண்டும். பூ பரவாயில்லை, புளி வேண்டாம்.

பால் பாட்டில் கோடு

இப்போது, அழியக் கூடாத எழுத்துக்கு வருகிறேன். குழந்தையின் பால் பாட்டிலில் பொம்மையும் நட்சத்திரமும் அச்சடித்திருப்பார்கள். அதே மையில், அதே வலையில், பக்கத்திலேயே 30, 60, 90 என்று மில்லி கணக்குக் கோடும் அச்சடித்திருப்பார்கள். பிளாஸ்டிக் என்றால் அது சுட்ட எழுத்து இல்லை, மேலே பூசின மைதான். நாம் என்ன செய்கிறோம்? தினம் நாலு தரம், ஐந்து தரம் கொதிக்க வைக்கிறோம், பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம். பொம்மை மங்கினால் பரவாயில்லை. கோடும் கூடவே மங்குகிறது. பிறகு கண் மதிப்பில் தண்ணீர் ஊற்றிப் பால் மாவைக் கலக்கிறோம். தண்ணீர் கூடினால் குழந்தைக்குச் சத்துப் போதாது, எடை ஏறாது. தண்ணீர் குறைந்தால் பால் கெட்டியாகி, சிறுநீரகத்துக்கு வேலை அதிகமாகி, உடம்பில் நீர் வற்றிப்போகும். வெயில் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதுதான் டாக்டர்களின் வார்த்தை. பாட்டில் தேவைப்பட்டாலும் பாலாடையும் சங்கும் மேல் என்று இன்றைய ஆஸ்பத்திரிகளிலேயே சொல்கிறார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த வெள்ளிச் சங்குக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது! பால் மாவு டின் மேல் குழந்தை படமோ பெண் படமோ போடக் கூடாது, பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-இல் சட்டமே வந்தது. 2003-இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். அழகான படம் தாயை மயக்கிவிடும் என்று சட்டம் போட்டவர்களுக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

என்றாலும் பாட்டில் வாங்கியே தீர வேண்டிய வீடுகள் உண்டு. அப்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பாருங்கள். அந்தச் சட்டப்படி முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. இரண்டாவது, விரலால் தடவுங்கள். கோடும் எண்ணும் கைக்கு மேடாகத் தட்டுப்பட்டால், அது அச்சிலேயே வார்த்தது. கோலி சோடா பெயர் மாதிரி, பாட்டில் உள்ளவரை நிற்கும். வழுவழுவென்று இருந்தால் மை. இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடிக் கிண்ணத்தைப் பாருங்கள், 5, 10 என்ற கோடு எல்லாம் வார்த்ததுதான். மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு அந்த ஜாக்கிரதை இருக்கிறது. மருந்தை அந்தக் கிண்ணத்தில்தான் அளக்க வேண்டும். வீட்டு ஸ்பூனில் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை.

வீட்டில் இருக்கிற பாட்டிலின் கோடு சரிதானா என்ற சந்தேகம் வந்தால், மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள். ஆறு தரம் தண்ணீர் உறிஞ்சிப் பாட்டிலில் விட்டால் 60 மில்லி. அது கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். கோடு பாதி அழிந்த பாட்டிலை மேலும் ஒரு நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். பேனாவால் நாமே கோடு போட்டுக்கொள்ளலாம் என்று சில பேர் சொல்வார்கள். அந்த மை கொதிநீருக்கு என்ன ஆகும்?

பழைய பெயர் போட்ட பாட்டில்

அழிந்தே ஆகவேண்டியது எது என்று கேட்டால், பழைய சரக்கின் பெயரும் படமும்தான். ஜூஸ் குடித்த காலிப் பாட்டில் கெட்டியாக இருக்கிறது, எறிய மனசு வரவில்லை. பினாயில்காரர் தெருவில் வந்தால் அதிலேயே வாங்கிக்கொள்கிறோம். பெயிண்டுக்குத் தின்னர், கழிப்பறை ஆசிட், மண்ணெண்ணெய் எல்லாம் அப்படியே. மேலே மாம்பழப் படம் பளிச்சென்று இருக்கிறது. நாம் படித்தவர்கள், உள்ளே இருப்பது பினாயில் என்று நமக்குத் தெரியும். மூன்று வயசுக் குழந்தைக்கு எழுத்துத் தெரியாது, படம் மட்டும்தான் தெரியும். மாம்பழம் என்றால் அதற்கு மாம்பழம்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், குழந்தை மூடியைத் திருகிக்கொண்டிருந்த சமயம் பார்த்துப் பாட்டி வந்துவிட்டார். தெய்வாதீனம். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய வீடுகளில், பெரும்பாலும் அது இருந்தது கலர் பாட்டிலில் என்று டாக்டர்கள் காலம் காலமாகச் சொல்கிறார்கள்.

ஆகவே, விஷமான எதையும் தின்பண்டப் பாட்டிலில் ஊற்றவே வேண்டாம். லேபிளைச் சுரண்டிவிட்டால் போதாது. சுட்ட படமும் அச்சில் வார்த்த படமும் போகாது என்று பார்த்தோமே! பாட்டிலின் உருவமே குழந்தைக்குத் தெரியும். பினாயில் வந்த டப்பாவிலேயே பினாயில் இருக்கட்டும், அதுவும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி. தப்பித் தவறிக் குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் என்றால் வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். ஆசிட் என்றால் போகும்போது வெந்த தொண்டை வரும்போது இன்னொரு தரம் வேகும். 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே இருந்தது என்னவென்று டாக்டரிடம் வாயால் சொல்லுங்கள். மேலே மாம்பழம் என்றுதான் எழுதியிருக்கும்.